வேரிலிருந்து வந்த மாத்திரை

என் கணவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. அவருடைய அண்ணனுக்கு அடிக்கடி பின்மண்டை வலி. மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனவர் என் கணவர். அண்ணன் கையிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கழற்றிய டாக்டர், "வந்ததுதான் வந்தேள், நீங்களும் கையை நீட்டுங்கோ" என்றிருக்கிறார். காற்றை அடித்து இறக்கி, திரும்பவும் அடித்து இறக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாவை விட உங்களுக்குத்தான் ஜாஸ்தி" என்றாராம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் அடையாறில் குடியிருந்தோம். அண்ணனுக்கு தியாகராய நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலியிலிருந்து வந்த என் மாமனார் ஆரம்பித்தது. கல்லாவில் அண்ணன் உட்காருவார். பட்டுச் சேலைப் பகுதி என் கணவருடையது. பேசிப் பேசியே விற்பார். ஒரு சேலையை உதறி விரித்து, "அக்கா, இதைக் கட்டிக்கிட்டு நீங்க மண்டபத்துக்குள்ள நுழைஞ்சா கல்யாணப் பொண்ணு யாருன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கே குழப்பம் வந்துரும்" என்பார். எதுவும் வாங்க வேண்டாம் என்று வந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே பாய்மேல் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான். எங்கள் மகள் அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அவளுக்குத் தலை பின்னிவிடும் நேரத்தில்கூட பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது அளந்துகொண்டிருப்பார்.

ஆனால் 'கொதிப்பு' என்ற சொல் அந்தக் குடும்பத்தில் சாதாரணச் சொல் இல்லை. என் மாமனார் அந்தக் கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோதே வாய் கோணி, சரிந்து விழுந்தவர். பிறகு கண் திறக்கவில்லை. அண்ணன் தம்பி இருவரும் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். அன்றைக்கு டாக்டர் வீட்டிலிருந்து திரும்பிய என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "எனக்கும் அதுதானாம்" என்றார். 

டாக்டர் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்திருந்தார். மிளகை விடக் கொஞ்சம் பெரியது, வெள்ளை. சர்ப்பகந்தி என்கிற செடியின் வேரிலிருந்து எடுப்பதாம். நம் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய வேர், அதிலிருந்த சத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கி உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள் என்று டாக்டர் விளக்கியிருந்தார். அண்ணனுக்கு அதில் பெரிய ஆறுதல். "நம்ம மூலிகைதாம்மா. ஒண்ணும் செய்யாது" என்று என்னிடம் சொன்னார்.

கொதிப்பு இறங்கியது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்தடுத்துப் பார்த்தபோது டாக்டரே மகிழ்ந்துபோகும் அளவுக்கு இறங்கியது. நான் கோயிலுக்குப் போய் நெய் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

முதலில் மூக்கு அடைத்துக்கொண்டது. சளி இல்லை, தும்மல் இல்லை, ஆனால் எப்போது பார்த்தாலும் அடைப்பு. ஆவி பிடித்தார், நொச்சி போட்டும் பிடித்தார், போகவில்லை. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு நடை மெதுவானது. பஸ்ஸைத் துரத்தி ஏறுகிறவர், கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் கனவுகள் வந்தன. விடியற்காலையில் பால்காரர் மணி அடிக்கும் நேரத்துக்கு, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல முனகிக்கொண்டு எழுந்திருப்பார். பனியன் நனைந்திருக்கும்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"அப்பா வந்தாரு. கடை முழுக்கத் தண்ணி. சேலை எல்லாம் மிதக்குது. நான் எடுக்கப் போனா, சேலைக்குள்ள ஆளு இருக்கு."

சொல்லிவிட்டு, விழித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பால் காய்ந்து, காப்பி போட்டு, பக்கத்தில் வைத்து ஆறிப்போகும் வரை அப்படியே இருப்பார்.

தீபாவளி வியாபாரம் தொடங்கிய நேரம். கடையில் கால் வைக்க இடமிருக்காது. ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது என் கணவரைப் பட்டுப் பகுதியில் காணோம். வேறு ஒருவர் சேலை விரித்துக்கொண்டிருந்தார். இவர் பின்கட்டில், பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"என்னம்மா ஆச்சு அவனுக்கு? சேலையை விரிச்சுப் போட்டுட்டு வாயைத் திறக்க மாட்டேங்கான். வந்தவங்க அவன் மொகத்தைப் பாத்துட்டு எந்திரிச்சுப் போறாங்க. வீட்ல ஏதும் சண்டையா?"

"இல்ல அத்தான். வீட்லயும் இப்படித்தான் இருக்காங்க."

"யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்றார் அண்ணன். அந்த வாரமே தம்பியை மயிலாப்பூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் அர்ச்சனை செய்து, கையில் கறுப்புக் கயிறு கட்டிக் கொண்டுவந்து விட்டார். என் கணவர் கயிறு கட்டிய கையை மடியில் வைத்தபடி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் அந்தப் பயத்தைச் சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். இங்கே ஆள் எதிரில் இருக்கிறார், சாப்பிடுகிறார், கூப்பிட்டால் திரும்புகிறார், ஆனால் உள்ளே இருந்தவரைக் காணவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஏதோ சொல்லிச் சிரிப்பாள். அவர் முகத்தில் ஒன்றும் அசையாது. கொஞ்ச நாளில் அவள் அவரிடம் சொல்வதையே விட்டுவிட்டு, என் காதோடு ரகசியமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா இருக்கும் அறையில் சத்தம் போடக் கூடாது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரசம் ஊற்றும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி நல்லவரு. நான் இல்லேன்னாலும் உங்க ரெண்டு பேரையும் விட்டுர மாட்டாரு."

கரண்டி என் கையில் இருந்தது. அது சாய்ந்து அவர் கைமேல் ரசம் கொட்டியது. சூடான ரசம். அவர் கையை இழுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் அவரைத் தனியாக விடப் பயந்தேன். குளியலறைக் கதவு மூடியிருந்தால் வெளியே நின்று ஏதாவது கேட்பேன். "சோப்பு இருக்கா?" "துண்டு எடுத்துட்டீங்களா?" பதில் வரும்வரை அங்கேயே நிற்பேன். புடவை காயப்போடும் கொடியைக்கூட அவிழ்த்துச் சுருட்டி அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். எதற்கு ஒளித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. மாத்திரையை மட்டும் அவர் மறக்கவே இல்லை. அப்பாவைப்போல விழுந்துவிடக் கூடாதே என்று காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போட்டுக்கொள்வார். சாகக் கூடாது என்று மாத்திரை போட்டுக்கொள்கிறவர் எப்படிச் சாவைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

தீபாவளி முடிந்த ஒரு வியாழக்கிழமை. அவர் கடைக்குக் கிளம்பிப் போய் வெகு நேரம் ஆகியிருந்தது. எங்களுக்கு மீன் கொடுக்கும் அம்மா கடற்கரையில் இருக்கும் ஊரூர் குப்பத்திலிருந்து வருகிறவர். அன்று கூடை இல்லாமல், வெறுங்கையோடு, மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

"யம்மா, உன் வூட்டுக்காரரு கடைக்குப் போகலியா?"

"போயிட்டாங்களே. ஏன்?"

"இன்னா போயிட்டாரு? அங்க போட்டாண்ட குந்திகினு கீறாரு. ரொம்ப நேரமா கீறாரு. எனக்கு இன்னாவோ சரியாப் படல. எங்க வூட்டு ஆளைப் பக்கத்துல குந்த வெச்சுட்டு ஓடியாந்தேன். நீ வா."

கதவைப் பூட்டினேனா என்று நினைவில்லை. அந்த அம்மா முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். குப்பத்துச் சந்துகளில் வலைகளையும் காயும் மீனையும் தாண்டி மணலுக்கு வந்தபோது நல்ல வெயில். படகுகளின் நிழலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மீன் அம்மாவின் கணவர். வலையைப் பழுது பார்த்துக்கொண்டே, அன்றைக்குக் கிடைத்த மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பதில் வராதது பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இன்னொருவர் என் கணவர். அவருடைய கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பேனா மூன்றும் கைக்குட்டையில் முடிந்து படகின் விளிம்பில் வைக்கப்பட்டிருந்தன. வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 

"கண்ணாடி தண்ணியில போயிருமேன்னு வச்சேன்" என்றார்.

மீன் அம்மா முடிச்சை எடுத்து என் முந்தானையில் கட்டினார். "வூட்டுக்கு இட்டுகினு போவாத. நேரா டாக்டராண்ட போ. இது காத்துக் கருப்பு இல்ல, ஒடம்புல இன்னாவோ கீது." எங்கிருந்தோ ஒரு ரிக்‌ஷாவை அழைத்து வந்ததும் அவர்தான்.

டாக்டர் வீட்டு முன்னறையில் ஆட்கள் காத்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் எங்களை முதலில் உள்ளே விட்டார்கள். அவர் வழக்கம்போல் பட்டையைக் கட்டிப் பார்த்து, "பிரஷர் பேஷா இருக்கே" என்றார்.

எனக்கு அழுகை வெடித்தது. "பிரஷர் நல்லாத்தான் இருக்கு டாக்டர். ஆளுதான் இல்ல" என்றேன். மூக்கடைப்பு, கனவு, பின்கட்டு ஸ்டூல், ரசம், படகு, முடிச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் வைத்தேன்.

டாக்டர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "இந்த மாத்திரை ஆரம்பிச்சப்புறம்தானா இதெல்லாம்?" என்று கேட்டார்.

அவர் யோசித்தார். "மாத்திரைன்னு நினைக்கல. நான்தான் இப்படி ஆயிட்டேன்னு நினைச்சேன்."

"நீங்க ஆகலை. மாத்திரைதான் ஆக்கியிருக்கு" என்றார் டாக்டர். "ஒவ்வொரு தடவை வந்தப்பவும் கையைத்தான் பார்த்தேன். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார். "ரத்தக் குழாயைச் சுத்தி மெல்லிசாச் சதை இருக்கும்மா. நரம்பு வந்து இறுகச் சொன்னா அது இறுகும், உள்ள அழுத்தம் ஏறும். நரம்பு எப்படிச் சொல்லும்னா, தன் நுனியில ஒரு ரசாயனத்தைச் சேர்த்து வச்சிண்டிருக்கு, அதைத் துளித் துளியா விட்டுச் சொல்லும். இந்த மாத்திரை அந்தச் சேமிப்பையே காலி பண்ணிடறது. நரம்பு கத்தினாலும் குரல் வராது. குழாய் தளர்ந்துடும், இதயமும் நிதானமா அடிக்கும். மூக்குக்குள்ள இருக்கற குழாயும் தளர்ந்து வீங்கிக்கும், அதான் அடைப்பு."

"மனசு ஏன் டாக்டர்?"

"மூளையிலயும் அதே மாதிரிச் சேமிப்புதான் இருக்கு. தூக்கம், சந்தோஷம், காலைல எழுந்து ஒரு காரியத்தைச் செய்யணும்கற தெம்பு, எல்லாத்துக்கும் அது வேணும். எது குழாய் நரம்பு, எது மூளைன்னு மாத்திரைக்குத் தெரியாது. அங்கேயும் போய்க் காலி பண்ணிடறது. நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆறதில்லை, இவரோட அண்ணா இருக்காரே. சில பேருக்கு இப்படி இருட்டிண்டு வந்துடும்."

அப்போதே மாத்திரையை நிறுத்தச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னது இரண்டு விதத்தில் பயமுறுத்தியது. காலியான சேமிப்பு திரும்ப நிறைய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இவரைக் கண்பார்வையிலிருந்து விடக் கூடாது. மாத்திரையின் பிடி விட விட, கொதிப்பும் மேலே ஏறும்; அதற்கு வேறு மாத்திரை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மாமனார் விழுந்த கல்லா. நடுவில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புது மாத்திரை சிறுநீரகத்தில் வேலை செய்வது. உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். குழாயில் ஓடும் அளவு குறைந்தால் அழுத்தம் குறையும் என்றார். அதோடு உடம்புக்கு வேண்டிய இன்னொரு உப்பும் போய்விடும், அதற்கு வாழைப்பழமும் இளநீரும் கொடுக்க வேண்டும். சமையலில் உப்பைப் பாதியாக்க வேண்டும்.

அந்த வாரங்களை எப்படிக் கழித்தேன் என்று இப்போதும் வியப்பாக இருக்கிறது. பகலில் அண்ணன் வந்து உட்காருவார். கடையை அப்படியே போட்டுவிட்டு வருவார். அந்த மனிதரை நான் அதுவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. டாக்டரிடம் போகும்போதெல்லாம் காற்று இறங்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஒருமுறை கொதிப்பு மளமளவென்று ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் வாய் ஓரம் கோணுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கொட்டாவி விட்டால்கூடத் திடுக்கிட்டுத் திரும்புவேன்.

மூக்குத்தான் முதலில் திறந்தது. கனவுகள் குறைந்தன. முகம் மட்டும் அப்படியேதான் இருந்தது. ஒருநாள் மதியம் கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருந்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதென்ன குழம்பா, கழனித் தண்ணியா? உப்புன்னு ஒரு சாமானே நம்ம வீட்ல வாங்குறது இல்லையா?"

கோபம்! பல மாதங்களுக்குப் பிறகு அவருக்கு ஒரு கோபம் வந்திருந்தது. நான் அடுப்படிக்கு ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கூடத்தில் அண்ணன், "ஏல, டாக்டர் சொன்ன உப்புதாம்ல. பேசாமச் சாப்பிடு" என்று அதட்டுவது கேட்டது. 

பொங்கலுக்குப் பிறகு கடைக்குப் போக ஆரம்பித்தார். அந்த வியாழக்கிழமையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஒரு மாலை பஸ்ஸுக்காக நிற்கும்போது அவராகவே சொன்னார். "சாவணும்னு ஆசை இல்ல. அதுதான் பயம். ஆசையும் இல்ல, வேண்டாம்னும் இல்ல. கதவு திறந்திருக்கு, வெளிய போவலாம்னு போனாப்புல இருந்துச்சு. முழங்கால் தண்ணியில நிக்கும்போது கண்ணாடி ஞாபகம் வந்துச்சு. படகுல வச்சது இருக்கான்னு பாக்கத் திரும்பினேன். அந்த மீன்காரம்மா வீட்டுக்காரரு கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சாரு." பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பியின் கதியைப் பார்த்த அண்ணனுக்கு மாத்திரை என்றாலே நடுக்கம் வந்துவிட்டது. தனக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை என்பது அவருக்குப் பொருட்டாக இல்லை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரிந்தபின், டாக்டர் மாற்றிக் கொடுத்ததையும் போடவில்லை. என் கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒத்துக்கிடலைன்னு எல்லா மாத்திரையும் வெசமா? நான் வேற மாத்திரை போட்டுக்கிட்டு நல்லாத்தானே இருக்கேன்?"

"எனக்கு ஒண்ணும் செய்யலடா. இப்ப மண்டை வலியும் இல்ல, மயக்கமும் இல்ல. நல்லா இருக்கிற ஒடம்புல எதுக்கு மருந்து?"

வலி இல்லாததுதான் அந்த நோயின் சூழ்ச்சி என்று டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தார். அண்ணனிடமும் சொல்லியிருப்பார்.

அடுத்த ஆடித் தள்ளுபடி நேரத்தில், காலையில் கடை திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணனின் வலது கையிலிருந்து ஊதுபத்தி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. என் கணவர்தான் தூக்கினார். தூக்கும்போது, "அப்பா, அப்பா" என்று கத்தினாராம். அவருக்கே அது தெரியவில்லை. கடையில் இருந்தவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள்.

உயிர் பிழைத்தார். வலது கை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது. 'தண்ணி' என்று சொல்ல நினைத்தால் 'கடை' என்று வரும்; தப்பு என்று அவருக்கே தெரியும், கண்ணில் நீர் முட்டும். டாக்டர் இந்த முறை இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் புது மாத்திரை ஒன்றையும் சேர்த்தார். என் கணவர் டாக்டரை எழுந்திருக்கவே விடவில்லை. இது எங்கே போய் வேலை செய்யும், தூக்கத்தைக் கெடுக்குமா, மனசை என்ன செய்யும், ஆகவில்லை என்றால் உடனே நிறுத்தலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இதைத் திடீர்னு நிறுத்தவே கூடாது. நிறுத்தினா இதயம் தறிகெட்டு ஓடும். கெட்ட கனவு வரலாம், சோர்வு வரலாம். வந்தா எங்கிட்ட வாங்கோ, சேர்ந்து குறைப்போம்" என்றார் டாக்டர், பொறுமையாக.

தினமும் கடைக்குப் போகும் முன் என் கணவர் அண்ணன் வீட்டுக்குப் போவார். தன் மாத்திரையையும் அங்கேயே எடுத்துப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து முதலில் தான் விழுங்குவார். பிறகு அண்ணனின் இடது உள்ளங்கையில் அவருடையதை வைப்பார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அண்ணன் மாத்திரையை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, தம்பி முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தூ... தூங்கினியா?" என்று கேட்டார்.

"நல்லாத் தூங்கினேன் அண்ணாச்சி. கனவே இல்ல."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு, விழுங்கினார். நான் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன்.